ஆந்தை கூகையான கதை: மாணவர்களோடு விக்கிப்பீடியாவில்

ஆசிரியை:
போன பருவத்தில் என் மாணவர்களுக்கு விக்கிப்பீடியாவில் எழுதக் கற்றுக்கொடுத்தேன். வெட்டி ஒட்டக்கூடாது என்று முதல் நாளே சொல்லியாயிற்று. எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு பையன் ஒட்டவும் இல்லைதான். ஆனால் எழுதியதைப் பாருங்கள்.

மூலம்: "ஆந்தையின் கண்கள் குழிக்குள் அசையாமல் பொருந்தியிருப்பதால், பக்கவாட்டில் பார்க்க அது தன் தலையை 270 பாகை வரை திருப்புகிறது."

அவன்: "கூகையின் விழிகள் குழியினுள் நகராமல் அமைந்திருப்பதால், பக்கவாட்டில் நோக்க அது தன் சிரசை 270 பாகை வரை திருப்புகிறது."

சொல்தான் மாறியது, வாக்கியம் அப்படியே நிற்கிறது. இதில் ஆந்தை கூகையானதுதான் கூத்து. கூகை ஆந்தைகளில் ஒரு வகை. தப்பிக்க மாற்றிய சொல்லில் தகவலும் சுருங்கிப் போனது.

கேட்டால், "எல்லா வார்த்தையையும் மாத்திட்டேனே மிஸ்" என்கிறான், பாவம். திட்ட மனம் வரவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, தம்பிக்குச் சொல்வதுபோல் சொல்லச் சொன்னேன். "ஆந்தையால கண்ணை உருட்ட முடியாது. ஓரத்துல எலி ஓடினா கழுத்தைத்தான் திருப்பணும். முக்கால் வட்டம் வரைக்கும் திருப்பும்!" என்றான். அதையே எழுத்துத் தமிழாக்கி, எண்ணை மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டு, தகவல் எங்கிருந்து வந்தது என்று மேற்கோளும் சேர்த்தான். இப்போது வகுப்பில் யாரையும் மூலத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டச்சு செய்ய விடுவதில்லை.

பழைய விக்கியர்:
என்னிடம் அதிகம் சிக்குவது மொழிபெயர்ப்பு. ஒரு மாணவர் ஆங்கில இதழ்க் கட்டுரை ஒன்றை முழுசாகத் தமிழாக்கி, கீழே இணைப்பும் கொடுத்திருந்தார். நீக்க வேண்டியதாயிற்று. கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் அவருக்கு ஒரே கோபம்: "ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதினேன்." உழைப்பு உண்மைதான். ஆனால் மொழிபெயர்க்கும் உரிமை மூலத்தின் பதிப்புரிமை யாரிடம் இருக்கிறதோ அவருடையது. இணைப்பு கொடுத்தால் அது அனுமதி ஆகிவிடாது. இதை நான் முதலிலேயே மாணவர்களுக்குச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

அதே நேரம் ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரையைத் தாராளமாக மொழிபெயர்க்கலாம். அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் எடுத்தாளலாம் என்ற திறந்த உரிமத்தில் வருகிறது. எந்தக் கட்டுரையிலிருந்து எடுத்தோம் என்று தொகுப்புச் சுருக்கத்தில் (சேமிக்கும்போது எழுதும் சிறு குறிப்பில்) இணைப்போடு சொல்லிவிட வேண்டும், அவ்வளவே.

இன்னொன்று. ஒட்டியதை அடுத்த நிமிடமே அழித்தாலும் பக்க வரலாற்றில் அது கிடக்கும். நிர்வாகி வந்துதான் மறைக்க வேண்டும். எழுதிப் பழகுவதற்கான மணல்தொட்டிப் பக்கத்துக்கும் இதே விதிதான்.

மற்றொரு உறுப்பினர்:
எனக்கு நேர்ந்தது தலைகீழ். கட்டுரையை இணையதளங்களோடு ஒப்பிடும் கருவியில் ஒரு மாணவியின் கட்டுரை ஓர் இணையதளத்தோடு ஒத்துப்போய், பக்கம் முழுக்கச் சிவப்பாக வந்தது. காப்பி என்றே முடிவு கட்டி, கொஞ்சம் கடுமையாகவே எழுதிவிட்டேன். அப்புறம் வரலாற்றைப் புரட்டினால், அவர் வாக்கியம் வாக்கியமாக இரண்டு வாரம் சேர்த்திருக்கிறார். அந்த இணையதளம்தான் பிறகு விக்கிப்பீடியாவிலிருந்து சுருட்டியிருக்கிறது. மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அவர் அதற்குப் பிறகு தொகுக்க வரவேயில்லை.

ஆசிரியை:
மணல்தொட்டி விஷயம் எனக்கே தெரியாது, ஐயா. குறிப்புக்காக என்று இரண்டு பேர் முழுப் பத்திகளை அங்கேதான் ஒட்டி வைத்திருக்கிறார்கள். இதோ, போய்ப் பார்க்கிறேன்.