கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குத் தனியாகச் சைக்கிளில்: கடலோரச் சிற்றூர் வழி, 5 நாள்

செந்தூல்_மிதி:

வணக்கம். ஜனவரி பிற்பாதியிலோ பிப்ரவரியிலோ கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் வரை தனியாகச் சைக்கிளில் போகத் திட்டம். ஈப்போ பக்கம் வேண்டாம். கோல சிலாங்கூர், செகிஞ்சான், தெலுக் இந்தான், சித்தியவான் என்று கடலோரமாகவே ஏற நினைக்கிறேன். ஹைபிரிட் சைக்கிள், 35 மி.மீ டயர், வி-பிரேக், பின்னால் கேரியரில் இரண்டு பைகள், மொத்தச் சுமை 10 கிலோ. என் எடை 58 கிலோ. ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் வரை மிதிப்பேன், ஆனால் இதுவரை வார இறுதி ஓட்டம் மட்டும்தான்.

தெரிய வேண்டியவை: நாள் கணக்கை எப்படிப் பிரிப்பது, எந்தச் சாலைத்துண்டு மோசம், என்னென்ன உதிரி எடுக்க வேண்டும். துணைக்கு ஆள் இல்லாத பெண் என்பதையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள் அண்ணன்மாரே, அக்காமாரே.

---

ஜெராம்_காற்று:

நீங்கள் சொன்ன மாதம் நல்ல மாதம். வடகிழக்குப் பருவமழை அப்போது கிழக்குக் கரையில்தான் கொட்டும். மேற்குக் கரை ஓரளவு காய்ந்திருக்கும். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்றால் மாலை இடிமழை ஏறக்குறைய தினமும் உண்டு. ஆனால் காலண்டரில் இரண்டைப் பாருங்கள்: சீனப் புத்தாண்டு, தைப்பூசம். முன்னதில் செகிஞ்சானில் அறை கிடைக்காது, கார்கள் ஊர்ந்துதான் போகும். பின்னதில் பினாங்கின் ஜோர்ஜ்டவுன் நிரம்பிவிடும்.

தூரத்தைச் சுமாராகச் சொல்கிறேன். முதல் நாள் செகிஞ்சான் வரை, 95 முதல் 100. இரண்டாம் நாள் சுங்கை பெசார், சபாக் பெர்ணம், ஹூத்தான் மெலிந்தாங் வழியாகத் தெலுக் இந்தான், 75. மூன்றாம் நாள் சித்தியவான், 65 முதல் 70. நான்காம் நாள் பந்தாய் ரெமிஸ், துரோங் வழியாகத் தைப்பிங், 85 முதல் 90. ஐந்தாம் நாள் பாகான் செராய், பாரிட் புந்தார், நிபோங் திபால் வழியாகப் பட்டர்வொர்த், 80 முதல் 85. வெயிலில், சுமையோடு, அடுத்தடுத்து ஐந்து நாள் மிதிப்பது வார இறுதியில் 100 மிதிப்பதுபோல் இருக்காது. மூன்றாம் நாளை வேண்டுமென்றே குறைத்திருக்கிறேன். கால் சோர்வது அன்றைக்குத்தான்.

பயணத்திலேயே மோசமான பகுதி ஊரைவிட்டு வெளியேறும் முதல் 40 கிலோமீட்டர். கெப்போங், சுங்கை பூலோ, ஈஜோக், அசாம் ஜாவா வழியாகப் போகும் கூட்டரசுச் சாலை 54-இல் லோரிகள் அதிகம். ஞாயிறு அதிகாலையில் கிளம்புங்கள், லோரி குறைவாக இருக்கும். கிள்ளான் பக்கம் சுற்றிக் காப்பார், ஜெராம் வழியாக வந்தாலும் லோரி குறையாது, தூரம்தான் கூடும்.

கோல சிலாங்கூர் தாண்டியதும் சாலை 5 நேராக, சமதரையாக ஓடும். தஞ்சோங் காராங்கிலிருந்து வயலுக்குள் தாலி ஆயர் (பாசன வாய்க்கால்) ஓரமாகப் போகும் சின்னச் சாலைகள் உண்டு. பசுமையும் அமைதியும் அங்கேதான். அறுவடை நேரமென்றால் இயந்திரமும் நெல் லோரியும் சேற்றைக் கொண்டுவந்து தார்மேல் அப்பிவிடும், மழைக்குப் பின் அது வழுக்கும். அப்போது பெரிய சாலைக்கே திரும்பிவிடுங்கள்.

தெலுக் இந்தானுக்கும் சித்தியவானுக்கும் நடுவே செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டம்தான், கடைகள் தூரம் தூரமாக இருக்கும். தண்ணீரை ஊருக்குள்ளேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பேராக் ஆற்றுப் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று அடிக்கும். கடற்காற்று மதியத்துக்குமேல் வலுப்பதால் பாலத்தைக் காலையிலேயே கடந்துவிடுவது நல்லது. செம்பனைப் பழம் ஏற்றும் லோரியிலிருந்து உதிர்ந்த பழம் சாலையோரம் கிடக்கும். முன் சக்கரம் ஏறினால் உருண்டு ஆளைத் தள்ளிவிடும். கண்ணை ஐந்தடிக்கு முன்னால் வைக்காமல் இருபதடிக்கு முன்னால் வையுங்கள்.

தார் விளிம்பைப் பற்றி ஒன்று. புதிதாகத் தார் போட்ட இடங்களில் ஓரம் நான்கைந்து சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். சக்கரம் கீழே இறங்கிவிட்டால் சாய்வாக மேலே ஏற்றப் பார்க்காதீர்கள்: டயர் விளிம்பில் உரசிக்கொண்டே போகும், சைக்கிள் சாலை நடுப்பக்கம் விழும், பின்னால் லோரி. கீழேயே நேராகப் போய், நின்று, தூக்கி வையுங்கள். இடப்பக்க ஓரத்தில் எதிர்த்திசையில் மோட்டார் வருவதும் சகஜம், அதுவும் ஊர் முகப்புகளில். கைப்பிடியில் ஒரு பின்பார்வைக் கண்ணாடி கட்டாயம்.

---

பழைய_ஸ்பானர்:

சாலையை மேலே சொல்லிவிட்டார்கள், நான் சைக்கிளுக்கு வருகிறேன். தங்கச்சி, 10 கிலோவையும் பின்னாலேயே வைக்காதே. ஆள் எடையில் பெரும்பங்கு ஏற்கெனவே பின் சக்கரத்தில்தான். மூன்று நான்கு கிலோவைக் கைப்பிடிப் பைக்கு மாற்று. மழைக்கோட்டு, மாற்றுத்துணி மாதிரிப் பொருட்கள். முன்பக்கம் கொஞ்சம் பாரம் இருந்தால் வண்டியும் ஆடாது.

காற்று: உன் எடைக்கும் 35 மி.மீ டயருக்கும் பின்னால் 60, முன்னால் 50 பி.எஸ்.ஐ-யில் ஆரம்பி. டயர் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவுவரை அடித்தால் வேகம் கூடாது, கை மரத்துப்போகும்.

உதிரி: டியூப் 2, ஒட்டுத்துண்டு ஒரு பெட்டி, உடைக்காத புதுச் சொல்யூஷன் (ஒரு தடவை திறந்தது சில மாதத்தில் காய்ந்துவிடும்), டயர் லிவர் 3, சின்னச் சாமணம், செயின் வெட்டியுடன் கூடிய ஆலன் கீ தொகுதி, உன் செயினுக்குப் பொருந்தும் குவிக் லிங்க் (செயினை இணைக்கும் கண்ணி) 2, பின் டெரெய்லர் (கியர் மாற்றி) ஹேங்கர், அதாவது அதைப் பிரேமில் பிடிக்கும் துண்டு 1, எம்5 போல்ட் 4, கேபிள் டை பத்து, பிரேக் கட்டை ஒரு ஜோடி, கியர் கம்பி 1, ஈரத்துக்கான செயின் எண்ணெய். ஹேங்கர் ஒவ்வொரு பிரேமுக்கும் வேறு வடிவம், வாங்கின கடையில் மாடல் சொல்லிக் கேட்க வேண்டும். வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்தாலே அது வளையும். அப்புறம் பெரிய பல்லுக்கு கியர் மாற்றும்போது டெரெய்லர் ஆரக்கம்பிக்குள் போய்ச் சிக்கும். அதோடு பயணம் முடிந்தது.

கேரியர் போல்டைத் தினமும் காலையில் கையால் அசைத்துப் பார். அதிர்வில் கழலும். கிளம்புவதற்கு முன்பே நீலநிற இழைப்பசை ஒரு சொட்டு வைத்து முடுக்கிவிடு.

---

செந்தூல்_மிதி:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். டியூப் வழியில் வாங்கிக்கொள்ள முடியாதா? ஆரக்கம்பி உடைந்தால் என்ன செய்வது? அதுதான் பயமாக இருக்கிறது.

---

பழைய_ஸ்பானர்:

சிற்றூர்க் கடையில் பிள்ளைகள் சைக்கிள் டியூபும் மோட்டார் டியூபும்தான் இருக்கும். 700 அளவு, அதுவும் மெல்லிய பிரெஸ்டா வால்வு, கிடைத்தால் அதிர்ஷ்டம். பித்தளை வால்வு அடாப்டர் ஒன்று வைத்துக்கொள், மோட்டார் கடையில் காற்று அடிக்கலாம். கம்பிரசரைத் தொடர்ந்து அழுத்தாதே. சைக்கிள் டியூபுக்கு ஒரு நொடி, ஒரு நொடியாக விட்டு அழுத்திப் பார்த்து நிறுத்த வேண்டும்.

நம் சாலைகளில் பஞ்சருக்கு முதல் காரணம் ஆணி இல்லை. வெடித்த லோரி டயரிலிருந்து சிதறும் மெல்லிய எஃகுக் கம்பி. மூன்று நான்கு மி.மீ நீளந்தான், வெளியே தெரியாது, காற்று மெதுவாக இறங்கும். அதைப் பிடுங்காமல் புது டியூப் போட்டால் அரைமணி நேரத்தில் அதுவும் போகும். இரண்டு டியூபும் போனபின் செம்பனைக் காட்டில் நிற்பதெல்லாம் இதனால்தான்.

அதற்கு வழி இது. டயர் மாட்டும்போதே அதன் பெயர் அச்சு வால்வுக்கு நேராக வருமாறு மாட்டு. பஞ்சரானதும் டியூபில் ஓட்டையைக் கண்டுபிடி, வால்விலிருந்து எத்தனை சாண் என்று அள, டயரில் அதே தூரத்தில் இரண்டு பக்கமும் தேடு. உள்பக்கம் பஞ்சைத் தேய்த்தால் கம்பி இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். சாமணத்தால் பிடுங்கு. ஓட்டை இருக்கும் இடமே காரணத்தையும் சொல்லும்: அருகருகே இரண்டு கீறல் என்றால் காற்று குறைவாக இருந்து பள்ளத்தில் ரிம் இடித்திருக்கிறது; டியூபின் உள்வட்டத்தில் ஓட்டை என்றால் ரிம் பட்டை நகர்ந்திருக்கிறது.

மழையில் ஒட்டாதே, சொல்யூஷன் பிடிக்காது. டியூபை மாற்றிவிட்டு, ராத்திரி அறையில் பழையதை ஒட்டு: தேய், மெல்லியதாகப் பூசு, பளபளப்புப் போகும்வரை ஐந்து நிமிடம் விடு, பிறகு அழுத்து. ஈரத்திலேயே ஒட்டுவதால்தான் பாதி ஒட்டு பிரிகிறது.

ஆரக்கம்பி பெரும்பாலும் பின் சக்கரத்தில், கியர் பக்கம், ஹப் ஓரம் வளையும் இடத்தில் உடையும். முறுக்கு சமமில்லாத கம்பி ஒவ்வொரு சுற்றிலும் தளர்ந்து இறுகி, உலோகம் களைத்து அறுகிறது. கிளம்ப இரண்டு வாரம் முன்பு நல்ல கடையில் பின் சக்கரத்தை நிமிர்த்தி, முறுக்கைச் சமப்படுத்தச் சொல். அதன்பின் சுமையோடு 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி காட்டு. இதைச் செய்தால் உடைய வாய்ப்பு மிகக் குறைவு.

மீறி உடைந்தால்: உடைந்ததைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிக் கட்டு. கியர் பக்கக் கம்பி போனால் ரிம் இடப்பக்கம் இழுக்கும். அந்த இடத்துக்கு இருபுறமும் உள்ள இடப்பக்கக் கம்பி இரண்டை அரைச் சுற்றுத் தளர்த்தினால் பெருமளவு நேராகும். அப்போதும் பிரேக் உரசினால் பின் பிரேக்கைக் கழற்றிவிட்டு, முன் பிரேக்கோடு நிதானமாக அடுத்த ஊர் போ. சரியான நீளத்தில் மூன்று கம்பி வாங்கிப் பிரேமில் டேப் போட்டு ஒட்டிக்கொள். கியர் பல்லைக் கழற்றும் கருவி பாரம், எடுக்காதே. தெலுக் இந்தான், சித்தியவான், தைப்பிங் மாதிரி ஊர்ச் சைக்கிள் கடையில் கழற்றிப் போடச் சொல்லலாம்.

---

நிபோங்_பாதை:

நான்காம் நாள் பற்றி எனக்கு வேறு கருத்து. தைப்பிங் மலேசியாவில் மழை மிகுந்த ஊர்களில் ஒன்று, ஆண்டுக்குச் சுமார் 4,000 மி.மீ. மலை பக்கத்திலேயே இருப்பதால், கடலோரம் காய்ந்திருக்கும் மதியத்திலும் அங்கே கொட்டும். பிற்பகல் இரண்டு மணிக்குள் சேர முடியாது என்று தெரிந்தால் பந்தாய் ரெமிஸிலோ துரோங்கிலோ காத்திருந்து, மழை விட்டபின் போங்கள்.

நேரம்தான் எல்லாம். ஏழு, ஏழேகால் வாக்கில்தான் விடியும். ஆறரைக்குக் கிளம்ப முன்விளக்கும், இரண்டு பின்விளக்கும் வேண்டும், ஒன்று பையில் இல்லாமல் பிரேமில். பதினொன்றரைக்குள் அன்றைய தூரத்தில் முக்கால் பங்கு முடிந்திருக்க வேண்டும். மணிக்கு 500 முதல் 750 மி.லி தண்ணீர், வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் சேர வேண்டும். மருந்தகத்தில் விற்கும் உப்புக்கரைசல் பொட்டலம் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். தலைவலியோடு உடம்பு சிலிர்த்தால் இன்னும் கொஞ்சம் மிதிக்கலாம் என்று எண்ணாதீர்கள். நிழலில் உட்கார்ந்து கழுத்திலும் தலையிலும் தண்ணீர் ஊற்றுங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் மலாய்க் கடைகள் அடைத்திருக்கும். பயணம் நோன்பு மாதத்தில் விழுந்தால் பகலில் சீனர் கடை, இந்தியர் கடை பார்த்துத்தான் சாப்பாட்டுத் திட்டம் போட வேண்டும்.

தனியாகப் போகும் பெண் என்று கேட்டீர்கள். அறையை முன்தினமே போனில் உறுதி செய்து, சைக்கிளை அறைக்குள் வைக்க விடுவார்களா என்று அப்போதே கேளுங்கள். இன்று எங்கே தங்கல் என்பதை வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கள், போனில் இருப்பிடம் பகிருங்கள். பொதுவில் படம் போடுவது ஊரைக் கடந்தபின் இருக்கட்டும். வழியில் கேட்பவர்களிடம் அடுத்த ஊரில் ஆள் காத்திருப்பதாகச் சொல்வதில் தவறில்லை. தோட்டத்து நாய்கள் துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவே வைத்து நடந்தால் பெரும்பாலும் எல்லைவரை வந்து திரும்பிவிடும்.

கடைசி நாளில் நிபோங் திபால், சுங்கை பாக்காப் வரை சுகம். சிம்பாங் அம்பாட் தாண்டி ஜூரு, பிறை வரும்போது தொழிற்சாலை வாகனம் குவியும். வேலை முடியும் ஐந்து மணிக்கு அங்கே இருக்கவே கூடாது, மதியத்துக்குள் கடந்துவிடுங்கள். பினாங்குத் தீவுக்குப் போகும் இரண்டு பாலத்திலும் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. தீவுக்குப் பட்டர்வொர்த் பெர்ரிதான் வழி. திரும்ப பஸ் என்றால் பெர்ரி முனையத்துக்குப் பக்கத்திலேயே பினாங்கு சென்ட்ரல் பஸ் நிலையம். டிக்கெட் எடுக்கும் முன் சைக்கிள் ஏற்றுவார்களா என்று பஸ்காரரிடம் கேளுங்கள். முன் சக்கரத்தைக் கழற்றி, பெடலை உள்பக்கம் திருப்பி மாட்டி, செயினைப் பழந்துணியால் சுற்றி, டெரெய்லர் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள்.