சமுதாயக் கூடத்தை வீடற்றோர் விடுதி ஆக்கப் போகிறார்களாம், எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போடலாமா?

தறிவீட்டுக்காரன்:

வணக்கம். சேலத்தில் அம்மாபேட்டைப் பக்கம் இருக்கிறோம். எங்கள் தெருமுனையில் ஒரு பழைய சமுதாயக் கூடம் நாலைந்து வருடமாகப் பூட்டியே கிடக்கிறது. அதற்கு வெள்ளையடித்து வீடற்றவர்கள் தங்கும் விடுதி ஆக்கப் போகிறார்கள் என்று போன வாரம் டீக்கடையில் பேச்சுக் கிளம்பியது. மறுநாளே தெருவில் மனு சுற்ற ஆரம்பித்துவிட்டது.

மனுவில் மூன்று விஷயம். இது குடியிருப்பு ஏரியா, இங்கே விடுதி வரக்கூடாது என்பது ஒன்று. அந்தப் பணத்தில் எங்கள் தெருச் சாக்கடையைக் கட்டிக் கொடுங்கள் என்பது இரண்டு. கூடத்து வாசலில் நிற்கிற தட்டுவடை செட் வண்டியையும் எடுத்துவிடுங்கள் என்று யாரோ போகிற போக்கில் மூன்றாவதாகச் சேர்த்திருக்கிறார்கள்.

சாக்கடை விஷயத்தில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. எங்கள் வீட்டில் இன்னும் ஒரு குழித்தறி ஓடுகிறது. போன ஐப்பசி மழையில் தெருத்தண்ணீர் வாசல் தாண்டி உள்ளே வந்து தறிக்குழியில் இறங்கிவிட்டது. அப்பா மிதிக்கட்டைக்குக் கீழே கையை விட்டுச் சேற்றை அள்ளி அள்ளி வாளியில் போட்டதும், பாவு நனைந்து நூல் நூலாக ஒட்டிக்கொண்டதும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அதற்காக நான் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவேன்.

ஆனால் விடுதி வேண்டாம் என்பதற்குத்தான் கை வரவில்லை. எங்கள் திண்ணையில் ஒரு பெரியவர் இரவில் படுக்கிறார். தாத்தா காலத்தில் எங்கள் வீட்டுத் தறிக்குத் தார் (நெய்யும் நூலைச் சிறு குழலில் சுற்றுவது) சுற்றியவர், அப்பா இன்னும் மாமா என்றுதான் கூப்பிடுவார். இப்போது கல்யாண மண்டபங்களில் பாத்திரம் தேய்க்கிறார், வர இரவு பதினொன்று ஆகும், விரித்துப் படுக்க ஒரு பழைய பிளக்ஸ் பேனர், தலைக்கு வைக்க ஒரு உரச்சாக்கு, அவ்வளவுதான் சொத்து. மனுவோடு வந்த அண்ணனிடம் "இவருக்கும் சேர்த்துத்தானே வேண்டாம்கிறீங்க?" என்று அப்பா கேட்டதும், "அவர் நம்ம ஆளுங்க, நான் சொல்றது வெளியாளுங்களை" என்றார்.

இப்போது என் கேள்வி. குடியிருப்பு ஏரியா என்று சொல்லி இதை நிறுத்த முடியுமா? விடுதியை நிறுத்தினால் அந்தப் பணம் நிஜமாகவே சாக்கடைக்கு வருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி மனுவோடு வருவார்கள்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

தம்பி, நான் வேறு ஊர் நகராட்சியில் இருந்தவன், இருந்தாலும் வேலை நடக்கிற முறை எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

முதலில் பணம். அது வராது. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிக் கணக்குத் தலைப்பு உண்டு. வீடற்றோர் விடுதிக்கு ஒதுக்கியதை எடுத்துச் சாக்கடையில் போட்டால் தணிக்கையில் மாட்டுவார்கள், அதனால் யாரும் தொடமாட்டார்கள். விடுதியை நிறுத்தினால் அந்தப் பணம் திரும்பிப் போகும், இல்லாவிட்டால் வேறு வார்டுக்குப் போகும். உங்கள் சாக்கடை அதே இடத்தில் இருக்கும். இதைச் சொல்லாமல் ஒரே மனுவில் இரண்டையும் கட்டிப்போட்டது யாரோ விவரம் தெரியாமல் செய்தது, அல்லது நன்றாகத் தெரிந்தே செய்தது.

அடுத்து ஏரியா விஷயம். டீக்கடையில் முடிவாகிற விஷயமில்லை இது. மாஸ்டர் பிளானில் ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன உபயோகம் என்று போட்டிருக்கும், வரைபடத்தில் மஞ்சளாக இருந்தால் குடியிருப்பு. ஆனால் குடியிருப்பு என்றால் வீடு மட்டும்தான் என்று அர்த்தமில்லை. எந்த வகையில் என்னென்ன கட்டிடம் வரலாம் என்று 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் பட்டியலே இருக்கிறது, அதை எடுத்துப் படியுங்கள். உங்கள் கூடம் கட்டும்போதே பொதுக் கட்டிடம்தான். கல்யாணம், காதுகுத்து என்று நூறு பேர் வந்து தங்கிப் போன இடத்தில் ஐம்பது பேர் படுப்பதை ஏரியாவைக் காட்டி மறிப்பது கஷ்டம் என்றுதான் எனக்குப் படுகிறது. எதற்கும் டவுன் சர்வே எண்ணைப் போட்டு டி.எஸ்.எல்.ஆர். (நகர நில அளவைப் பதிவேட்டு நகல்) எடுத்து இடம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், ஆன்லைனிலேயே கிடைக்கும்.

தீர்மானம் வந்துவிட்டதா என்பதுதான் இதில் முக்கியம். மாமன்றக் கூட்டத்தில் பொருள் எண் போட்டு வைத்து நிறைவேற்றியிருந்தால் நகல் இருக்கும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தரவேண்டும். தீர்மானமே இல்லாத ஒன்றை எதிர்த்துத் தெருவே மனு போட்டுக்கொண்டிருக்கக்கூட வாய்ப்பு உண்டு, என் சர்வீஸில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கடைசியாக உங்கள் தறிக்குழி. உங்கள் வீட்டு வாசலில் முன்னே எத்தனை படி இருந்தது, இப்போது எத்தனை?

தறிவீட்டுக்காரன்:

சார், மூன்று இருந்தது. இப்போது ஒன்றுதான். அப்பா இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார், வீடு இறங்குது வீடு இறங்குதுன்னு.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

வீடு இறங்கவில்லை, ரோடு ஏறியிருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டுக்கொண்டு போனால் ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று அங்குலம் ஏறும். 2021இல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார், பழைய மேல்தளத்தை எந்திரத்தால் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புது ரோடு போடவேண்டும் என்று. நீங்கள் சாக்கடை கேட்டு மனு எழுதினால் கூடவே இதையும் எழுதுங்கள். இல்லையென்றால் சாக்கடையும் கட்டி, அடுத்த ரோட்டையும் இதே மாதிரி ஏற்றிப் போட்டு, உங்கள் மிச்ச ஒரு படியையும் விழுங்கிவிடுவார்கள். படியை அளவுகோல் வைத்துப் போட்டோ எடுத்து மனுவோடு இணைத்துவிடுங்கள். வாயால் சொன்னால் சரி சரி என்பார்கள். போட்டோவில் அளவுகோல் தெரிந்தால் ஒரு இன்ஜினியராவது வந்து பார்ப்பார்.

பக்கத்துவீட்டு அனுபவம்:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், நான் மறுபக்கம் சொல்கிறேன். கல்நெஞ்சக்காரன் என்று திட்டினாலும் பரவாயில்லை.

நான் சேலம் இல்லை, வேலைக்காக வேறு ஊரில் இருந்தபோது எங்கள் வாடகை வீட்டுக்கு நேர் எதிரில் இப்படி ஒரு விடுதி இருந்தது. திறந்த அன்று மாலை மரியாதை எல்லாம் நடந்தது. ஆறு மாதத்தில் ராத்திரி வாட்ச்மேன் வருவது நின்றுபோனது. ஐம்பது பேருக்கு இரண்டு கழிப்பறை, அதிலும் ஒன்று அடைத்துக்கொண்டது, மிச்சத்தை எங்கள் சுவர் ஓரத்தில்தான் முடித்தார்கள். ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், அதற்கப்புறம் வருகிற ஆட்கள் எங்கள் வாசலில் படுப்பார்கள், குடித்துவிட்டு வருகிற ஒன்றிரண்டு பேரால் மொத்தப் பேருக்கும் கெட்ட பெயர். புகார் கொடுக்கப் போனால் நடத்துகிறவர்களைக் கேளுங்கள் என்பார்கள், நடத்துகிறவர்களைக் கேட்டால் நிதி வரவில்லை என்பார்கள். என் மனைவி விடிகாலை கோலம் போட வெளியே போவதையே விட்டுவிட்டாள்.

அந்த மனிதர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. திறந்துவைத்துவிட்டு மறந்துபோனவர்கள் மேல்தான். நாளைக்கு உங்கள் தெருவிலும் அதுதான் நடக்கும் என்று பயப்படுகிறவர்களை, இரக்கம் இல்லாதவர்கள் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடாதீர்கள்.

லீபஜார் லோடு:

மேலே எழுதிய அண்ணன் சொன்னதில் ஒரு விஷயம்தான் என் பதில் முழுக்க: ஒன்பது மணிக்குப் பூட்டுவது.

நான் மண்டிக் கணக்குப்பிள்ளை. லாரியில் மூட்டை இறக்குகிறவர்களில் எத்தனையோ பேருக்கு ஊரில் வீடு உண்டு, சேலத்தில் கிடையாது. ராத்திரி ஒரு மணிக்கு லோடு வரும், நாலு மணிக்கு இறக்கி முடிப்பார்கள், அப்புறம் கடைத் தாழ்வாரத்திலேயே சாக்கை விரித்துப் படுப்பார்கள். ஓட்டலில் தட்டுக் கழுவுகிறவர்கள், சமையல் காண்ட்ராக்டில் போகிறவர்கள், பெரியாஸ்பத்திரியில் நோயாளியை உள்ளே சேர்த்துவிட்டு வெளியே காத்திருக்கிறவர்கள், எல்லோர் கதையும் இதுதான். வீடற்றவர் என்றால் பிச்சைக்காரர் என்று நினைத்து விடுதி கட்டுகிறார்கள், ஆனால் படுக்க வருகிறவன் கூலிக்காரன். ஒன்பது மணிக்குப் பூட்டுகிற விடுதி அவனுக்கு எதற்கு? உங்கள் திண்ணைப் பெரியவரே பதினொன்றுக்குத்தானே வருகிறார்?

இதெல்லாம் சலுகையாகக் கேட்கிற விஷயமும் இல்லை. டெல்லிக் குளிரில் ஒரு தங்குமிடத்தை இடித்த விவகாரம் 2010இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு விடுதியாவது வேண்டும், அதுவும் நாள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள். 2013இல் ஆரம்பித்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதலும் அதே வழியில்தான் இருந்தது: லட்சம் பேருக்கு நூறு பேர் தங்கும் வசதி, ஆளுக்கு 50 சதுர அடி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், மார்க்கெட் மாதிரி அவர்கள் வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே சேலம் மாநகராட்சியில் எட்டு லட்சத்துக்கு மேல். எட்டு விடுதி என்று வைத்துக்கொண்டாலே எட்டு தெரு வேண்டும். எல்லாத் தெருவும் எங்கள் தெருவில் வேண்டாம் என்றால் கடைசியில் செட்டிச்சாவடிக் குப்பைமேட்டுப் பக்கம் கொண்டுபோய்க் கட்டுவார்கள், ஒருத்தனும் போய்ப் படுக்கமாட்டான், பார்த்தீர்களா காலியாக இருக்கிறது என்று அதையும் பூட்டுவார்கள்.

அதனால் வேண்டாம் என்று எழுதாமல், எப்படி நடத்தவேண்டும் என்று எழுதுங்கள். இரவு முழுக்கக் கேட்டில் ஆள். பொருள் வைக்கப் பூட்டுள்ள பெட்டி. சிரிக்காதீர்கள், அந்த உரச்சாக்கு திருடு போகும் என்ற பயத்தில்தான் பாதிப் பேர் உள்ளே வருவதில்லை. பெண்களுக்கு வேறு வாசல். கழிப்பறை எத்தனை என்று எண்ணிக்கை. நடத்துகிற அமைப்பின் பெயரும் போன் நம்பரும் வாசலில் பலகையில். மேற்பார்வைக் குழு என்று ஒன்று இருக்கவேண்டும், அதில் உங்கள் தெருவிலிருந்து இரண்டு பேரைக் கேளுங்கள். எதிர்க்கிற அண்ணனையே அதில் போடச் சொல்லுங்கள், அவர்தான் ஒழுங்காகப் பார்ப்பார்.

செட்டுக்கடை ரசிகன்:

தட்டுவடை வண்டியை ஏன் இதில் இழுத்தார்கள் என்றுதான் புரியவில்லை. தட்டுவடைக்கு நடுவில் கேரட் பீட்ரூட்டைத் துருவி வைத்து இரண்டு சட்னி தடவித் தருகிற ஆளா தெருவுக்குப் பாரம்? 2014 சாலையோர வியாபாரிகள் சட்டப்படி வியாபாரிகள் கணக்கெடுப்பு முடிகிற வரைக்கும் யாரையும் அப்புறப்படுத்த முடியாது, எடுத்தாலும் 30 நாள் நோட்டீஸ் வேண்டும். இந்தச் சட்டப்படி அமைகிற நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகளாகவே இருக்கவேண்டும். அந்த வண்டிக்காரரிடம் சாலையோர வியாபாரி அடையாள அட்டை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் முதலில் அதற்கு எழுதிக்கொடுக்கச் சொல்லுங்கள்.

பக்கத்துவீட்டு அனுபவம்:

லீபஜார் அண்ணன் சொல்கிற மாதிரி நடந்தால் எனக்கும் ஆட்சேபணை இல்லை. நடக்குமா என்பதுதான் கேள்வி. எழுத்தில் வாங்குங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

தறிவீட்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு வந்தார்கள். கையெழுத்துப் போடவில்லை, சண்டையும் போடவில்லை.

டி.எஸ்.எல்.ஆர். எடுத்துப் பார்த்தேன், இடம் மாநகராட்சி பெயரில்தான் இருக்கிறது. தீர்மான நகல் கேட்டு மனு எழுதி ஸ்டாம்பு ஒட்டி அனுப்பியாயிற்று. சாக்கடைக்கும் ரோட்டு மட்டத்துக்கும் தனியாக ஒரு மனு, படியோடு ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோ இணைத்து. அதில் விடுதி பற்றி ஒரு வரியும் இல்லாததால், எதிர் மனு கொண்டுவந்த அண்ணன் உட்பட பதினெட்டு வீட்டில் கையெழுத்துக் கிடைத்துவிட்டது. விடுதி எப்படி நடக்கவேண்டும் என்ற தாளில் இதுவரை நான்கு கையெழுத்துதான், அதில் இரண்டு எங்கள் வீடு, ஒன்று தட்டுவடைக்காரர். அவருக்கு அட்டை இல்லை, விண்ணப்பம் எழுதிக்கொடுத்திருக்கிறேன்.

பூட்டுப் பெட்டி பற்றிப் பெரியவரிடமே கேட்டேன். "சாவி யாருகிட்ட இருக்கும்?" என்றார். அதையும் தாளில் சேர்த்துவிட்டேன்.

இன்னொன்று: இதை வார்டு மக்கள் கூடிப் பேசுகிற பகுதி சபாக் கூட்டத்தில் பேசலாம் என்கிறார்கள். 2022 நவம்பர் ஒன்றாம் தேதி முதல்முதலாக நடந்தது பேப்பரில் படித்த ஞாபகம், அதற்கப்புறம் நான் போனதில்லை. தேதி எப்படித் தெரிந்துகொள்வது?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

கவுன்சிலர் ஆபீசில் கேளுங்கள், வார்டு குழுவுக்கு அவர்தான் தலைவர். போனால் முன்வரிசையில் உட்காருங்கள், பேசியதை வருகைப்பதிவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நடவடிக்கைக் குறிப்பில் எழுதிவிட்டார்களா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தீர்மான நகல் வந்தால் இங்கே ஒட்டுங்கள், படித்துச் சொல்கிறேன்.