மெஷின் ரிப்பேர்னு சொல்லி அனுப்பினேன்

பத்திரிகை பாய், வேலூர்:

கடையில், லாட்ஜில், வாடகை வீட்டில் "உங்களுக்குக் கிடையாது" என்று கேட்ட அனுபவமோ சொன்ன அனுபவமோ இருந்தால் எழுதுங்கள். நான் சொன்னவன். அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

லாங் பஜார் பக்கம் அப்பா காலத்திலிருந்து கல்யாணப் பத்திரிகை அடிக்கிறோம். ட்ரெடில் போய் ஆஃப்செட் வந்தாச்சு. தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தால் நாள் முழுக்கப் பிள்ளையார், முருகன், வெங்கடாஜலபதி. 'கர்த்தருடைய கிருபையால்' தனிக் கட்டு. நிக்காஹ் கார்டில் பிஸ்மில்லாஹ் போட நம்ம ஆட்களில் சிலர் யோசிப்பார்கள், காலில் மிதிபடும் என்று. 786 போதும் என்பார்கள். சாமி படம் அடிக்கலாமா என்று ஜமாத் பெரியவர் ஒருத்தர் அப்பாவைக் கேட்டார். "மஞ்சள் தடவறது அவங்க. மை தடவறது மட்டும்தான் நான்" என்றார் அப்பா.

நாலு வருஷம் முன்னாடி ஒரு திருநங்கை வந்தாங்க, கூடவே மாப்பிள்ளைப் பையன். ஆல்பத்தைப் புரட்டி 214ஆம் நம்பர் கார்டை எடுத்தாங்க. வள்ளி தெய்வானையோடு முருகன், ஓரத்தில் மாங்காய் பார்டர். 300 கார்டு. எழுதிக் கொடுத்த மேட்டரில் மணமகள் பெயரைப் பார்த்தேன், அவங்களைப் பார்த்தேன். "மெஷின் ரிப்பேர்மா, ஒரு வாரம் ஆகும்" என்றேன்.

"சத்தம் கேக்குதே பாய்."

உள்ளே மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவங்க சண்டை போடவில்லை. ஆல்பத்தை மூடி என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போயிட்டாங்க.

மார்க்கத்துக்கு ஒத்துவராது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடைப் பையன் விடவில்லை. "நாம அடிக்காத எழுத்து அந்தக் கார்டுல இன்னா இருக்குது பாய்?" ஒன்றும் இல்லை. அதே முருகன், அதே 'நிகழும் மங்களகரமான'. ஆள்தான் வேற.

ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். எலெக்‌ஷன் சமயத்தில் ஒரு சமுதாயத்தையே கேவலமாகத் திட்டி நோட்டீஸ் அடிக்கச் சொன்னவனையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எங்க ஆள் வந்து கேட்டாலும் அதை அடிக்க மாட்டேன். அதில் எனக்கு ராத்திரித் தூக்கம் கெடவில்லை. 214தான் கெடுக்கிறது.

லாட்ஜ் ரிசப்ஷன், 11 வருஷம்:

பாய்க்கு மெஷின் சத்தம், எனக்குச் சாவி. ஆஸ்பத்திரிக்கு வரும் வெளிமாநிலத்துக்காரர்கள் மாசக்கணக்கில் தங்குவதால் இங்கே ரூமிலேயே கேஸ் அடுப்பு கொடுப்போம். ஓனர் சுத்த சைவம். 'அசைவம் சமைக்கக் கூடாது' என்று போர்டு. எல்லாருக்கும் ஒரே போர்டுதான், ஆனால் ஆபரேஷன் முடிந்து மீனும் சோறும் கேட்கிற பெங்காலி பேஷண்டுக்குத்தான் அது வலிக்கும். அதைக்கூட ஏற்றுக்கொண்டேன், அவர் கட்டடம், அவர் நம்பிக்கை. பிறகு வாய்மொழியாக இன்னொரு ஆர்டர் வந்தது. "ஆதார்ல பேரைப் பாரு. அந்த மாதிரிப் பேர்னா ஃபுல்லுன்னு சொல்லிடு." முர்ஷிதாபாத்திலிருந்து ஒரு பெரியவர், சம்சாரத்தை வீல்சேரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். ஃபுல் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் பலகையில் தொங்கிய சாவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது சாவி. அந்த வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். இரண்டு வருஷம் கழித்துத்தான் விட்டேன், அதுவும் சம்பளத்துக்காக.

ஆம்பூர்க்காரன்:

எங்க ஊர்க் கதை பேப்பரிலேயே வந்ததுதான். 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மழை என்று ஒத்திவைத்தார்கள். எஸ்.சி., எஸ்.டி. ஆணையம் கலெக்டருக்கு நோட்டீஸ் அனுப்பியது. என் மாமா கடையில் பன்றிக்கறி கிடையாது, யார் கேட்டாலும் கிடையாது. அது அவர் இஷ்டம். கவர்ன்மென்ட் மாமா கடை இல்லையே.

குடியாத்தம் பக்கத்துக் கிராமம்:

பாய், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க அப்பாவுக்கு ஊர் சலூனில் முடி வெட்ட மாட்டார்கள். "அம்மன் காரியம் செய்யற கை, தீட்டு ஆயிடும்" என்பார்கள். அப்பா பஸ் ஏறி டவுனுக்குப் போய் வெட்டிக்கொண்டு வருவார். வெட்டுக்கூலியைவிட பஸ்ஸுக்குத்தான் அதிகம். சட்டைக் காலருக்குள் முடி குத்தக் குத்த வீட்டுக்கு வந்து, திண்ணையில் துண்டை உதறுவார். நீங்கள் சொன்ன மார்க்கமும் அவர்கள் சொன்ன அம்மனும் என் காதில் ஒன்றாகத்தான் விழுகிறது.

காட்பாடி சமையல்காரர்:

அப்போ எனக்கு மனசாட்சியே இருக்கக் கூடாதா? நான் சபைக்குப் போறவன். கெடா வெட்டுப் படையலுக்குச் சமைக்க மாட்டேன். அதே வீட்டு வளைகாப்புக்கு 200 பேருக்கு சமைச்சுக் கொடுத்திருக்கேன்.

சத்துவாச்சாரி வக்கீல்:

சமையல்காரரே, நீங்கள் படையலைத்தான் விட்டீர்கள், அந்த வீட்டை விடவில்லை. வித்தியாசம் அங்கேதான். பெல்ஃபாஸ்டில் ஓரினத் திருமண ஆதரவு வாசகத்தைக் கேக்கில் எழுத மறுத்த பேக்கரி வழக்கில், 2018இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது: மறுத்தது வாசகத்தை, ஆளை அல்ல. பாயின் எலெக்‌ஷன் நோட்டீஸ் அந்த ரகம். 214 அந்த ரகம் இல்லை.

நம்ம அரசியல் சாசனத்தில் 15(2) கடை, ஹோட்டல் எதிலும் மதம், சாதி, பாலினம் பார்த்து ஆளைத் தடுக்கக் கூடாது என்கிறது. 'கடை' என்றால் எது என்று 1948இல் அரசியல் நிர்ணய சபையில் கேள்வி எழுந்தபோது, சேவை தர முன்வரும் எவரும் அதில் அடக்கம் என்றார் அம்பேத்கர். சலூனும் அதில் வரும், பிரஸ்ஸும் வரும். மத சுதந்திரம் தருகிற 25ஆவது பிரிவே சாசனத்தின் அடிப்படை உரிமைகள் பகுதியில் உள்ள மற்றப் பிரிவுகளுக்கு உட்பட்டது. 15ஆவது பிரிவும் அதே பகுதியில்தான் இருக்கிறது. திருநங்கையும் இந்து திருமணச் சட்டப்படி மணமகள்தான் என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பே சொல்லிவிட்டது.

ஆனால் கேஸ் போடலாமா என்றால் கதை வேறு. சலூன்காரர் மேல் தீண்டாமையைத் தண்டிக்கிற 1955ஆம் வருஷத்து பி.சி.ஆர். சட்டம் பாயும்: ஒரு மாதம் முதல் ஆறு மாதம் சிறை, அபராதம் 100 முதல் 500 ரூபாய். லாட்ஜ் ஓனர் பார்த்தது மதத்தை. அதற்கு அவரை உள்ளே தள்ளுகிற பொதுவான தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. சாசனத்தைக் காட்டி ரிட் போடலாம். வீல்சேரோடு வந்தவர் ரூம் தேடுவாரா, ஹைகோர்ட் தேடுவாரா?

பத்திரிகை பாய், வேலூர்:

குடியாத்தம் தம்பி, தப்பா எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது, நீங்கள் சொன்னது சரிதான். அவங்க போன் நம்பரை அன்றைக்கே கிழித்துப் போட்டுவிட்டேன், தேடிப் பார்க்க வழியில்லை. 214 இன்னும் ஆல்பத்தில் இருக்கிறது. நேற்றுகூட ஒரு பார்ட்டி அதையே எடுத்தார்கள். 500 கார்டு, மாங்காய் பார்டரை மட்டும் சிவப்பில் கேட்டார்கள்.