கலைச்சொல்: டிரெயில் ஹண்டிங் – ‘தட வேட்டை’ போதுமா?

வணக்கம். நரியை அல்ல, முன்பே போட்டுவைத்த வாடையைத்தான் நாய்கள் துரத்துகின்றன என்று சொல்லி ஆங்கிலேயர் நடத்தும் வேட்டை டிரெயில் ஹண்டிங். நம் கலைச்சொல் பட்டியலுக்கு அதற்கொரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘தட வேட்டை’ என்று வைத்துவிட்டுப் போகலாமே. சுருக்கமாக இருக்கிறது.

ஐயா, சுருக்கம் எனக்கும் பிடிக்கும். ஆனால் தடம் என்றதும் மனசுக்கு வருவது சேற்றில் பதிந்த காலடி. இங்கே காலடிக்கு வேலையே இல்லை, எல்லாம் மூக்கு.

எங்கள் ஊர்ப்பக்கம் சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்கள் உண்டு. முயல் கிளம்பியதும் அந்த நாய் தலையைத் தூக்கிக்கொண்டு பாயும். கண்ணால் பார்த்துத் துரத்துகிற இனம். புதருக்குள் முயல் மறைந்துவிட்டால் நின்று சுற்றுமுற்றும் பார்க்கும். ஆங்கிலேயரின் நரி வேட்டை நாய் இதற்கு நேர்மாறு. முப்பது நாற்பது நாய் கூட்டமாக, மூக்கைத் தரையோடு வைத்து, குரல் கொடுத்துக்கொண்டே வாடை பிடித்துப் போகும். நரி கண்ணில் படவே வேண்டாம். ‘வேட்டைநாய்’ என்று மட்டும் எழுதினால் நம் வாசகர் மனசில் ஓடுவது சிப்பிப்பாறைதான்.

அங்கே நடக்கும் அரசியல் சண்டையின் முடிச்சும் இந்த மூக்கில்தான் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை விட்டு நரி வேட்டையாடுவதைத் தடுக்கும் சட்டம் 2004இல் நிறைவேறி, 2005 பிப்ரவரி 18 முதல் நடப்புக்கு வந்தது. நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவை இணங்காததால், அதை மீறிச் சட்டம் இயற்ற வழிவிடும் 1911, 1949 நாடாளுமன்றச் சட்டங்களைக் கொண்டுதான் அதை நிறைவேற்ற முடிந்தது. அதற்கு முன் 2002 செப்டம்பரில் லண்டனில் தடையை எதிர்த்து நாலு லட்சம் பேர் திரண்டு ஊர்வலம் போனார்கள். இவ்வளவுக்குப் பிறகும் வேட்டைக் குழுக்கள் கலையவில்லை. அதே குதிரை, அதே கொம்பு, அதே நாய்கள். ‘நாங்கள் துரத்துவது நரியை இல்லை, நரிமூத்திரம் நனைத்த துணியை ஒருவர் முன்னால் இழுத்துப்போன வழியைத்தான்’ என்றார்கள். அதற்குத்தான் டிரெயில் ஹண்டிங் என்று பெயர்.

தரையில் மூக்கை வைத்து ஓடும் நாய் பிடித்திருப்பது போட்ட வாடையா, உயிருள்ள நரி விட்டுப்போன வாடையா? வேலியோரம் நின்று படம் பிடிப்பவரால் சொல்ல முடியாது. நரி கிழிபட்டுக் கிடந்தால் ‘தற்செயல்’ என்கிறார்கள். வேண்டுமென்றே வேட்டையாடினால்தான் குற்றம் என்பதால் வழக்கு அங்கேயே தடுமாறும். ஆகவே சொல்லில் வாடை இருந்தே ஆகவேண்டும். என் பரிந்துரை: வாடைத்தட வேட்டை.

> ‘போலி வேட்டை’ என்றே வைப்போம். உண்மை அதுதானே?

அம்மா, நானும் தடையின் பக்கம்தான். நாய்கள் துரத்திக் கொல்வது நரியின் நலனைக் கடுமையாகப் பாதிக்கிறது என்று பிரிட்டிஷ் அரசு அமைத்த பர்ன்ஸ் பிரபு விசாரணைக் குழு 2000இல் எழுதிய ஒரு வரியே எனக்குப் போதும். ஆனால் போலியா இல்லையா என்பதுதானே அங்கே வழக்கு? பெயரிலேயே தீர்ப்பை எழுதிவிட்டால் விவாதத்தைத் தமிழில் சொல்ல வாக்கியம் அமையாது. ஸ்காட்லாந்து 2023 சட்டத்தில் டிரெயில் ஹண்டிங்கையும் தடுத்துவிட்டது. பிரிட்டனின் தொழிற்கட்சி தன் 2024 தேர்தல் அறிக்கையில் இதைத் தடைசெய்வதாக வாக்களித்தது. செய்தி எழுதுபவருக்கு இரு தரப்பும் வாயில் வைத்துப் பேசக்கூடிய சொல் வேண்டும்.

டிராக் ஹண்டிங் வேறு. அதில் சோம்பு எண்ணெய் போன்ற வாடை. வழியும் முன்பே தெரியும். நரியே அதில் கிடையாது. அதை ‘வாடைத்தட ஓட்டம்’ எனலாம். வேட்டை, ஓட்டம் – ஒரு சொல்லிலேயே வேறுபாடு விளங்கிவிடும்.

---

> வாடை என்றால் எனக்கு மார்கழிக் காற்றுதான் நினைவு வருகிறது. ‘மணத்தடம்’ என்றால் என்ன?

ஐயா, மல்லிகைக்கு மணம் சரி, நரிமூத்திரத்துக்கு எப்படி? மீன்வாடை, ஆட்டுவாடை என்று தினமும் சொல்கிறோமே, யாருக்கும் குளிரவில்லை. பக்கத்தில் தடம் வந்துவிட்டால் காற்று என்று யாரும் படிக்கமாட்டார்கள். ‘மோப்பத்தடம்’ யோசித்தேன். மோப்பம் நாய் செய்யும் வேலை, வாடை தரையில் கிடக்கும் பொருள். இங்கே நமக்குத் தேவை பொருள்.

மறுப்பில்லையென்றால் ஞாயிறன்று பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். கொம்பூதி நாய்களை நடத்துபவர்தான் பாக்கி, ஹண்ட்ஸ்மன். ‘வேட்டைக்காரர்’ என்றால் குதிரையில் வரும் எல்லோரையும் குறித்துவிடும். ‘நாய் நடத்துநர்’ பேருந்தை நினைவூட்டுகிறது. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.