டீங்கெமேட்டன் தீவு: போனவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

செந்தூல் அக்கா:
மகள் ராட்டர்டாமில் இருப்பதால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். தீவு நெதர்லாந்தில், ராட்டர்டாமுக்குத் தெற்கே இருக்கிறது; முன்பு விவசாய நிலம், இப்போது இயற்கைக்கே விட்டுவிட்டார்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன். திரும்பும் ஃபெர்ரியில் ஒரு டச்சுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நாணலும் தண்ணீருமாகக் கிடந்த பக்கம் கையை நீட்டி, "அதுதான் எங்கள் உருளைக்கிழங்கு வயல்" என்றார். 2006இல் கடைசி விவசாயியும் போன பிறகு கரையை வெட்டித் தண்ணீரை உள்ளே விட்டார்கள் என்று படித்திருந்தேன். அங்கே உழுதவரையே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. அம்மா சட்டென்று தமிழிலேயே கேட்டார்: "வீட்டையும் இடிச்சிட்டாங்களா?" அம்மா மலேசியாவில் காப்பார் பக்கம், ரப்பர் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். அங்கே இப்போது வரிசை வீடுகள். மகள் அந்தக் கேள்வியை மட்டும் அவரிடம் சொல்லவே இல்லை. ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறாள்.

பட்டர்வொர்த் மீனா:
எனக்கு மாடுதான். காடாக விட்டிருக்கும் பகுதியில் ஒரு திருப்பத்தில் ஸ்காட்லாந்து ஹைலேண்ட் மாடு, கண்ணை மறைக்கிற முடி, கூடவே கன்று. தாத்தா மாடு வளர்த்தவர் என்ற தைரியத்தில் "ஹை, ஹை" என்று அதட்டினேன். ஓர் அடி முன்னால் வைத்தது. அவ்வளவுதான், சேற்றில் இறங்கிச் சுற்றி நடந்தேன். போகிறவர்களுக்கு: கார் ஃபெர்ரி ஏறும் நியூவன்டைக் துறையோடு சரி, தீவுக்குள் நடை அல்லது சைக்கிள். கடைசி ஃபெர்ரி நேரத்தை ஏறும்போதே கேளுங்கள். மாட்டிடமிருந்து 25 மீட்டர் தள்ளி நில்லுங்கள், கன்று இருந்தால் இன்னும் தூரம். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். வெள்ளைக் காலணி வேண்டவே வேண்டாம். காற்று பலமாக அடிக்கும், குடை ஒன்றுக்கும் உதவாது.

பாயான் லெப்பாஸ் குமார்:
அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பெரியவரையும் உங்கள் அம்மாவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அவர் இழப்பீடு பேசி வாங்கிக்கொண்டு போயிருப்பார். நம் ஆட்களுக்குப் பல தோட்டங்களில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ்தான் வந்தது. நானும் அந்தத் தீவுக்குப் போனேன், பழைய காலத்து விவசாயத்தைக் காட்ட ஒரு பகுதியை அப்படியே வைத்திருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே நின்றபோது எரிச்சல்தான் வந்தது. லயம் ஒன்றை யாராவது இப்படி வைத்திருக்கிறார்களா? இங்கே நிலம் கைமாறினால் வீடமைப்பு, இல்லையென்றால் கோல்ஃப் திடல்.

பழைய கிள்ளான் சாலை ரவி:
குமார், எல்லா இடமும் அப்படி இல்லை. கோலா சிலாங்கூர் இயற்கைப் பூங்கா இடத்துக்கும் கோல்ஃப் திடல் திட்டம் இருந்தது. மலேசிய இயற்கைக் கழகம் பேசியதில் 1987இல் பூங்காவானது. வரப்பின் ஒரு பக்கம் அலையாத்திக் காடு, மறுபக்கம் வேறு காடு. அங்கே சாம்பல் நிற லோத்தோங் குரங்கு ஒன்று ஆரஞ்சுக் குட்டியோடு என் முன்னால் உட்கார்ந்தது. என் பையன் அது வேறு யாருடைய குட்டியோ என்று அழ ஆரம்பித்துவிட்டான்! பிறக்கும்போது அந்த நிறம்தான், வளர வளர மாறிவிடும் என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. போனால் தண்ணீரும் கொசு மருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள், பூங்காவுக்குப் பக்கத்து மலாவாத்தி குன்றில் பையோடு பிடுங்குகிறார்கள். குரங்குகளைச் சொல்கிறேன்.