வைத்தாங்கி ஒப்பந்தம்: இரண்டு பிரதிகளில் எது செல்லும்?

சைதைப் பத்திரக்காரர்:
சைதாப்பேட்டையில் முப்பது ஆண்டுகளாகப் பத்திரம் எழுதுகிறேன். ஆக்லாந்திலிருந்து மகள், நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்கள் 1840 பிப்ரவரி 6 அன்று பிரிட்டனுடன் கையெழுத்திட்ட வைத்தாங்கி ஒப்பந்தத்தின் நகலை அனுப்பியிருக்கிறாள். ஆங்கிலப் பிரதியில் இறையாண்மையையே விக்டோரியா ராணிக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். மாவோரிப் பிரதியில் அதே இடத்தில் 'காவனதங்கா'. 'கவர்னர்' என்பதை மாவோரி நாவுக்கேற்ப வளைத்த சொல்லாம். நிர்வாகம் என்றுதான் பொருளாம். ஒரு பிரதியில் கிரயம், இன்னொன்றில் பவர் என்று நான் எழுதினால் கையை ஒடித்துவிடுவார்கள். இது பிழையா, வேண்டுமென்றே செய்ததா?

வேளச்சேரி வாசகி:
ஐயா, பாதிரியார் ஹென்றி வில்லியம்ஸும் மகன் எட்வர்டும் ஒரே இரவில் மொழிபெயர்த்தது அது. அவசரம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் மாவோரித் தலைவர்களின் 1835 சுதந்திரப் பிரகடனத்தின் மாவோரி வாசகத்தில், அதிகாரத்தைக் குறிக்க 'மனா' என்ற சொல் இருக்கிறது. 'மனாவைக் கொடுங்கள்' என்று எழுதியிருந்தால் ஒருவரும் பேனாவைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து. 500க்கும் மேற்பட்ட தலைவர்களில் ஆங்கிலப் பிரதியில் கையெழுத்திட்டவர்கள் 39 பேர்தான்.

ராயபுரத்தான்:
வில்லியம் கொலென்சோ என்ற அச்சுக்காரர், தலைவர்களுக்கு இது புரிந்திருக்கிறதா என்று ராணியின் பிரதிநிதியாக வந்த ஹாப்சனிடம் அங்கேயே கேட்டார். கேட்டும் கையெழுத்து நிற்கவில்லை. மாவோரிகள் சமையலுக்கு வைத்திருந்த உடைந்த வெண்கல மணியைக் கண்டெடுத்தவரும் அவரே. அதில் இருப்பது தமிழ் எழுத்து! முகைதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் மணி. (பேச்சு திசைமாறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

சைதைப் பத்திரக்காரர்:
இரண்டாம் பிரிவில், நிலத்தை விற்பதானால் முதலில் ராணிக்கே என்று இருக்கிறது. வாங்க ஒரே ஆள் என்றால் விலை சொல்வது யார்? எங்கள் தொழிலில் இதற்கு வேறு பெயர் உண்டு.

வேளச்சேரி வாசகி:
விற்க மறுத்தபோது 1863இல் மாவோரிகளின் வைக்காட்டோ பகுதிக்குள் பிரிட்டிஷ் படை புகுந்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர் பறிமுதல். 1995இல்தான் நியூசிலாந்து அரசு மன்னிப்புக் கேட்டு, 17 கோடி நியூசிலாந்து டாலர் மதிப்புக்கு நிலமும் பணமும் கொடுத்தது.

சைதைப் பத்திரக்காரர்:
கையெழுத்துப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிலர் தம் முகத்தில் பச்சை குத்திய கோலத்தில் ஒரு துண்டை வரைந்திருக்கிறார்கள். கைநாட்டு வைக்க வரும் கிழவிகளுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டிய பிறகுதான் நான் மை தொடுவேன். அங்கேயும் வாசித்துக் காட்டத்தான் செய்திருக்கிறார்கள், மாவோரிப் பிரதியை.