ஹோலிஸ்டிக் நர்சிங்: எங்கிருந்து கற்க ஆரம்பிப்பது?

கேள்வி:
சர்ஜிக்கல் வார்டில் வேலை. ஹோலிஸ்டிக் நர்சிங் (நோயை மட்டும் பார்க்காமல் ஆளை முழுசாகப் பார்க்கும் பராமரிப்பு) கற்கலாம் என்று பார்த்தால் பாதிப் பேர் தியானம், நறுமண எண்ணெய், தொடு சிகிச்சை என்கிறார்கள். மீதிப் பேர் தத்துவம் பேசுகிறார்கள். பி.பி. பார்த்து, மருந்து கொடுத்து, சார்ட் எழுதுவதற்குள் ஷிஃப்ட் முடிந்துவிடுகிறது. இதில் இதை எங்கே நுழைப்பது?

பதில் 1:
நுழைக்கவே வேண்டாம், செய்கிற வேலையிலேயே இருக்கிறது. காயத்துக்கு டிரெஸ்ஸிங் மாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரை எழுதியிருந்தால் அது வேலை செய்யும்படி முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். டிராலியோடு போனதும் பிளாஸ்திரியில் கை வைக்காமல், திரையை இழுத்துவிட்டு, "போன தடவை எந்த இடத்தில் ரொம்ப வலித்தது?" என்று கேளுங்கள். "நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுவேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி நிறுத்தவும் வேண்டும். காயத்தில் ஒட்டிய காஸ் துணியைச் சலைன் (உப்புநீர்) விட்டு ஊற வைக்கிறீர்கள் அல்லவா, அந்த நேரத்தில்தான் "வீட்டுக்குப் போனா யார் என்னைக் குளிப்பாட்டுவா?" என்ற பேச்சு வரும். அதையும் சார்ட்டில் எழுதுங்கள். எழுதாதது அடுத்த ஷிஃப்டுக்குத் தெரியாது.

நான் இறுதிக்காலப் பராமரிப்பில் இருப்பவள். எங்களுக்கு அரிச்சுவடி, இந்தத் துறையின் முன்னோடி சிசிலி சாண்டர்ஸ் சொன்ன 'முழு வலி': உடல், மனம், குடும்பம், ஆன்மிகம் எல்லாம் சேர்ந்தது. கடனை நினைத்துத் தூங்காதவருக்கு மார்ஃபின் என்ற வலி மருந்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் ஆள் மயங்குவார், கவலை அப்படியே இருக்கும். சமூகப் பணியாளரைக் கூப்பிடுவதும் நர்சிங்தான்.

பதில் 2:
தொடு சிகிச்சையில் மட்டும் உஷார். தொடாமலே உடலுக்கு மேலே கையை அசைத்து 'ஆற்றலைச்' சரிசெய்வார்களாம். 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு சோதனை வந்தது. தொடு சிகிச்சை செய்யும் 21 பேரிடம், மறைப்புக்குப் பின்னால் உங்கள் எந்தக் கைக்கு அருகே இன்னொரு கை இருக்கிறது என்று கேட்டார்கள். 44 சதவீதம்தான் சரி. குத்துமதிப்பாகச் சொன்னாலே பாதி தேறுமே! சோதனையை நடத்தியது ஒரு பள்ளிச் சிறுமி.

கேள்வி கேட்டவர்:
சரி, கேட்கிறேன். நோயாளி அழ ஆரம்பித்துவிட்டால்? அடுத்த கட்டிலுக்கு மருந்து நேரம் ஆகியிருக்குமே?

பதில் 1:
"இப்போது ஐந்து நிமிடம் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். நின்றுகொண்டே கேட்டால் ஓடப்போகிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். மருந்து கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொன்னால் கட்டாயம் திரும்பிப் போங்கள். முடியாது என்று தெரிந்தால் அந்த வாக்கைக் கொடுக்காமல், ஷிஃப்ட் ஒப்படைக்கும்போது அடுத்த நர்ஸிடம் சொல்லி, அந்த நர்ஸின் பெயரை நோயாளியிடமும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.